மில்லுக்காட்டு அய்யாவுடன் இரண்டாவது ஆட்டம்

2 ஜூன் 2025, திங்கள்

காலை ஆறு மணிக்கு எம்.ரெட்டியபட்டி. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் பதினோரு பேரிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கு அருப்புக்கோட்டை லேபுக்குத் திரும்பினேன். மெஷினைச் சரிபார்த்தேன். அதற்கென்றே விற்கிற திரவம் விலை அதிகம் என்று ஓனர் கருதுவதால், திங்கள்தோறும் என் ரத்தத்தையே இரண்டு மில்லி எடுத்து வைத்துப் பார்ப்பது வழக்கம். ஹீமோகுளோபின் 12.4. போன வாரமும் 12.4. மெஷினும் நானும் நலம்.

தங்கச்செல்விக்கு 9.1. சித்தி மகள், ஆறு மாதம் முடிந்திருக்கிறது. போன மாதம் 10.6 இருந்தது. கீரை சாப்பிடச் சொன்னேன். "மழையவே காணோம், கீரைக்கு எங்கக்கா போக?" என்றாள். இந்தக் கேள்விக்கு என் பாடத்திட்டத்தில் விடை இல்லை.

3 ஜூன், செவ்வாய்

நேற்றைய பதினோரு பேரில் ஒன்பது பேருக்குக் குறைவு. போன வருஷம் பங்குனியிலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

இல்லை. அது முடிந்துபோன விஷயம். முடித்தவளே நான்தான்.

6 ஜூன், வெள்ளி

முடியவில்லை.

ரெட்டியபட்டிக்கு வெளியே கருவேலங்காட்டுக்குள் பழைய ஜின்னிங் மில் ஒன்று இருக்கிறது. பருத்தி அரைத்து ஐம்பது வருஷம் ஆகிறது. இன்று அந்தப் பக்கம் போகும்போது மில் வாசலில் ஃபிளெக்ஸ் பேனர்: 'மில்லுக்காட்டு அய்யா துணை'. உள்ளே எட்டிப் பார்த்தேன். தரையில் ஒரு முளைக்கட்டை நட்டபடி நிற்கிறது. மஞ்சள் துணி, சந்தனம், எலுமிச்சை மாலை. அடியில் காய்ந்த கோழி ரத்தம், பல அடுக்காக.

அது என் முளை. கருவேலங்கட்டையில் நானே சீவியது. சந்தேகமே இல்லை, மார்க்கர் பேனாவால் தேதியும் நேரமும் எழுதியிருக்கிறேன். ரத்தக் குழாயில் எழுதி எழுதி வந்த பழக்கம். எதைக் கையில் எடுத்தாலும் எழுதிவிடுவேன்.

இந்த டைரியை யாராவது எடுத்துப் படித்தால் (அம்மா, உன்னைத்தான்) புரிய வேண்டும் என்பதற்காக ஒரு முறை எழுதி வைக்கிறேன். போன வருஷம் பங்குனியில் இந்த ஊரில் வரிசையாகப் பலருக்கு ரத்தம் குறைந்தது. எல்லார் கழுத்திலும் ஒரு துளை. ரத்தம் எடுப்பது என் தொழில். எனக்குத் தெரியாமல் இன்னொருவர் எடுத்தால் விசாரிக்க வேண்டியது முறை. விசாரித்ததில் மில்லுக்குள் சுப்புராஜ் என்றொரு பெரியவர் இருப்பது தெரிந்தது. பழைய பருத்தித் தரகர். பிறந்தது 1894. ரத்தக்காட்டேரி என்று நேராக எழுத எனக்கு விரல் வரவில்லை. வயதில் மூத்தவர்.

என்னை வேட்டைக்கு யாரும் நியமிக்கவில்லை. எந்தத் தேர்வாணையத் தேர்விலும் அப்படி ஒரு பதவி கிடையாது. டவுன் நூலகத்தில் கிடைத்ததைப் படித்தேன், கட்டையைச் சீவினேன், போனேன். நெஞ்சில் இறக்கினேன். பஞ்சு மூட்டை அவிழ்ந்த மாதிரி சரிந்து பொடியாகிப் போனார். கட்டை மட்டும் தரையில் குத்திட்டு நின்றது. பிடுங்கத் தெம்பில்லாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன்.

அங்கேதான் தப்பு. இரண்டாம் நாள் கோடைமழை. ஆட்டை ஓட்டிக்கொண்டு மில்லில் ஒதுங்கியவர்கள், தேதி போட்ட ஒரு கட்டை தானாக நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சீமையில் மழைக்கு முந்தின நாள் எது நட்டு நின்றாலும் அது சாமி. அடுத்த வெள்ளியே கோழி. நான் எழுதிய நேரத்தை வைத்து நட்சத்திரம் கணித்து, அய்யாவுக்குப் பூராடம் என்று பேனரிலேயே போட்டுவிட்டார்கள்.

வாரா வாரம் ரத்தம் ஊற்றினால் யார்தான் எழுந்திருக்க மாட்டார்?

9 ஜூன், திங்கள்

நான் 12.4. ஊர் இறங்குகிறது.

13 ஜூன், வெள்ளி

மதியம் பன்னிரண்டுக்குப் போனேன். வெளியே வெயில் உச்சியில் இருந்தால், ஏதாவது ஆனால் வாசலுக்கு ஓடி வந்துவிட்டால் போதும். அவரால் தாண்ட முடியாது.

தகரக் கூரை ஓட்டைகள் வழியே வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுந்திருந்தது. வட்டம் நகர நகர, அவரும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார். ஆள் முன்னைவிடச் சதை போட்டிருக்கிறார். ஊரார் இவரை அய்யாவின் அருள்வாங்கிய சாமியார் என்று நினைக்கிறார்கள். யாரிடமும் பேச மாட்டாராம். மௌன விரதமாம். என்னிடம் நன்றாகவே பேசினார்.

"வா தாயி. குச்சி கொண்டாந்திருக்கியா?"

"இல்லைங்க. பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"அன்னைக்கு நீ செஞ்சது மொறையா? சாம்பிள் எடுக்கணும்னு சொன்ன. கைய நீட்டுனேன். ஊசின்னா எனக்குச் சின்ன வயசுலருந்தே பயம். மொகத்த அங்கிட்டுத் திருப்புனேன். திருப்புன நேரம் பாத்து நெஞ்சுல எறக்கிட்ட. இதுக்குப் பேரு வேட்டையா? களவாணித்தனம்."

அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

"சொல்லி வச்சு மோதணும் தாயி. மறு ஆட்டம் குடு. நேருக்கு நேரா, கம்பெடுத்து. நீ பள்ளிக்கூடத்துல செலம்பம் ஆடுன புள்ளைன்னு கேள்விப்பட்டேன்."

மாவட்ட அளவில் இரண்டாம் இடம். அதை இவரிடம் யார் சொன்னது? தங்கச்செல்வியாகத்தான் இருக்கும். அவள் எதற்கு இங்கே வருகிறாள்?

14 ஜூன், சனி

ஃபாயிஸாவிடம் மட்டும் சொன்னேன். லேபில் முன்மேசையில் சீட்டு எழுதுகிறவள். வீரசோழனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறாள். போன வருஷக் கதையும் அவளுக்குத் தெரியும்.

"செத்தவன மறுபடி சாகடிக்கப் போறியாக்கும்?"

"மறுபடி சாகடிச்சா இன்னொரு கட்டை நிக்கும். அதுக்கும் மாலை போடுவாங்க."

"அப்ப நீ செத்தா?"

"கன்னிப்பொண்ணு செத்தா கேக்கவே வேணாம். பக்கத்துலயே எனக்கும் ஒரு கல்லு. காலத்துக்கும் அவருக்குப் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

ஃபாயிஸா வெகுநேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எங்க வாப்பாட்ட சவுதிக்குச் சொல்லி அங்க ஒரு லேபுல வேலை பாக்கச் சொல்லவாடி?" என்றாள். இது அவள் பயந்தால் சொல்வது.

23 ஜூன், திங்கள்

நான் 12.3. தங்கச்செல்வி 7.8.

இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். 7.8.

கழுத்தில் ஒரே ஒரு துளை. "கொசுக்கா" என்கிறாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறாளாம். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டுதல். "அங்க குளுகுளுன்னு இருக்குக்கா. கும்பிட்டுச் சும்மா செவுத்துல சாஞ்சா நல்லாத் தூக்கம் வருது. வீட்டுல எங்க தூங்க முடியுது? தகரக் கொட்டகைல வேகுது."

போகாதே என்றேன். "சாமி காரியத்துல குறுக்க நிக்காதக்கா, நான் வயித்துப்புள்ளக்காரி" என்று கையைத் தட்டிவிட்டாள். புருஷன் ஹரி திருப்பூரில் பனியன் கம்பெனியில். போன் செய்து சொன்னேன். "அய்யா பாத்துக்கிருவாரு மதினி" என்றான். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சுகாதார நிலைய நர்ஸ் சொன்னது: ஏழுக்குக் கீழே போனால் பிரசவத்தில் ரெண்டு உயிருக்கும் உறுதி கிடையாது. தேதி ஆகஸ்ட் கடைசி.

27 ஜூன், வெள்ளி

போனேன். தங்கச்செல்வியை விடச் சொல்லிக் கேட்டேன். கெஞ்சினேன் என்றும் எழுதலாம்.

"பசிக்குத் தாயி. கோழி ரத்தம் தொட்டுக்கத்தான் ஆகும். அத மட்டும் குடிச்சு யாரு உசுரோட இருக்க முடியும்?"

அப்படியானால் ஆட்டத்துக்குத் தயார், பந்தயம் என்ன என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் போர்த்தி என் பக்கம் நீட்டினார். பருத்திச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்களாம். எத்தனை விரல், எந்த விரல் என்பதுதான் விலை. எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. துண்டுக்குள் கை விட்டேன். ஃப்ரிட்ஜில் வைத்த வெண்டைக்காய் மாதிரி ஐந்து விரல். உடனே எடுத்துவிட்டேன். வாயால் சொல்லுங்கள் என்றேன்.

அவர் முகம் மாறியது. "வாயால சொன்னா அப்புறம் மாற முடியாது. அதுக்குத்தான் துண்டு" என்றார். மேல் உதட்டைத் தூக்கிக் காட்டினார். நீளப் பல் ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று இருந்த இடம் காலி. 1938-ல் பருத்தி விற்க வந்த ஒரு சம்சாரியிடம் வாய்விட்டுச் சொன்ன விலையை மறுநாள் மாற்றினாராம். காலையில் எழுந்தால் பல் தலைமாட்டில் கிடந்ததாம். "இதுவும் போச்சுன்னா நான் பட்டினிதான்." ஊராரிடம் மௌன விரதம் எதற்கென்று இப்போதுதான் விளங்கியது. வாயைத் திறந்தால் எதையாவது சொல்லித் தொலைத்துவிடுவோம் என்கிற பயம்.

கடைசியில் வாயாலேயே பேசினோம். கம்பு முனையில் ஈரச் சுண்ணாம்பு. மேலே அதிகம் சுண்ணாம்பு பட்டவர் தோற்றவர். நான் ஜெயித்தால் அவர் தங்கச்செல்வியைத் தொடக் கூடாது. அவர் ஜெயித்தால்?

"வெள்ளிக்கிழமை தவறாம நீ இங்க வரணும். செத்த நேரம் இருந்து பேசிட்டுப் போகணும். எனக்குப் பேச ஆளு இல்ல தாயி. படிச்ச ஆளு சுத்தமா இல்ல."

இவ்வளவுதானா? இவ்வளவுதான் என்றார். சம்மதித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் குழப்பமாகவே இருக்கிறது. இத்தனை லேசான பந்தயத்தை யார் கட்டுவார்?

4 ஜூலை, வெள்ளி

நாள் குறிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தினசரி நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

11-ஆம் தேதி எனக்குச் சந்திராஷ்டமம். நான் நம்புவதில்லை. ஆனால் தோற்றால் அதனால்தான் என்று அம்மா சொல்வாள், ஆகவே வேண்டாம். 18 அஷ்டமி. அவர் தரகர், அஷ்டமியில் எதையும் தொடங்க மாட்டார். 24 அமாவாசை, அன்றைக்கு விரதம் என்றார். என்ன விரதம் என்று கேட்கவில்லை. புதனில் உச்சிவேளை ராகுகாலம். சனிக்கிழமை எனக்கு லேபில் கூட்டம். கடைசியில் மிஞ்சியது 25, வெள்ளி. பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம், அது போனதும் பன்னிரண்டேகால். ஒரு குறையும் இல்லாத நாள். இரண்டு பேரும் மூன்று தடவை சரிபார்த்தோம்.

13 ஜூலை, ஞாயிறு

மொட்டை மாடியில் கம்பு சுற்றினேன். அம்மா கேட்டதற்கு உடம்பைக் குறைக்க என்றேன். "இருக்கிறதே நாப்பத்தாறு கிலோ" என்றாள்.

21 ஜூலை, திங்கள்

தங்கச்செல்வி 6.9.

மெஷின் சரி. நான் 12.4. எனக்கு மட்டும் எதற்கு 12.4? யாருக்கு வேணும் இது? ஏட்டி தங்கம், அங்க போகாதடின்னு எத்தன தடவ சொல்லியாச்சு. சாமி சாமின்னு... நான் நட்ட கட்டைடி அது. என் கையெழுத்துடி அதுல இருக்கிறது.

24 ஜூலை, வியாழன்

கம்புக்கு எண்ணெய் போட்டேன். சுண்ணாம்பு வாங்கினேன். தோற்றால் என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தாள் காலியாகவே இருக்கிறது.

25 ஜூலை, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

பன்னிரண்டேகாலுக்குப் போனேன். சாட்சிக்கு ஆள் இல்லை. போனை ஜின்னிங் மெஷின் மேல் சாய்த்து வீடியோவைத் தட்டிவிட்டேன். அவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டித் தயாராக நின்றார். கம்பைத் தரையில் தொட்டு வணங்கினார். நானும் வணங்கினேன். பழக்கம்.

நூற்று முப்பது வயதுக்கு அந்த வேகம் அநியாயம். முதல் சுற்றில் என் தோளில் சுண்ணாம்பு. வெயில் வட்டங்களைப் பார்த்துப் பார்த்து அவரை அவற்றுக்குள் தள்ளப் பார்த்தேன். ஒரு முறை முழங்கை வெயிலில் பட்டுப் புகைந்தது. அந்தத் தடுமாற்றத்தில் இடுப்பில் ஒன்று வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று. பிறகு விலாவில் வாங்கினேன், பிறகு முதுகில். மூன்றுக்கு ஒன்று. நாலாவது வீச்சில் என் கம்பு கையை விட்டுப் பறந்தது. சுவரோடு சேர்த்து ஒரு கையால் கழுத்தைப் பிடித்துவிட்டார். "செத்த நேரம் கண்ண மூடிக்க தாயி, ஊசி மாதிரிதான்" என்றார். பந்தயத்தில் இது இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை.

அப்போது வாசலில் வளையல் சத்தம்.

நாட்காட்டியில் கெட்டதையெல்லாம் தேடித் தேடிக் கழித்த நாங்கள் இரண்டு பேரும், ஒரு விஷயத்தைப் பார்க்கவே இல்லை. இன்றைக்கு ஆடி வெள்ளி. ஊரிலுள்ள பெண்கள் முழுக்கக் கோயிலுக்கு வருகிற நாள். கெட்டது இல்லாத நாளைக் குறித்தோம். அது எல்லாருக்கும் நல்ல நாள் என்பது தோன்றவில்லை.

தங்கச்செல்விதான் முதலில் வந்தாள். கையில் பொங்கல் தூக்கு. எனக்குச் சாமியார் மந்திரிக்கிறார் என்று நினைத்தாள் போல. "அக்கா, நீயும் வந்துட்டியா!" என்று சந்தோஷப்பட்டாள். தூக்கை வைத்துவிட்டு, எட்டு மாத வயிற்றோடு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மெல்ல மெல்ல அவர் காலில் விழக் குனிந்தாள். பாதி குனிந்ததும் தள்ளாடினாள்.

"ஏ பாத்து தாயி, பாத்து! விழுந்துறாத!"

கத்தியது அவர். என் கழுத்திலிருந்த கை தானாக விலகி அவள் தலைக்கு மேல் போனது. காலில் விழுந்த பிள்ளையை வாழ்த்தாமல் நிற்க அந்தக் காலத்து மனிதருக்குத் தெரியவில்லை. "நல்லாருப்ப தாயி. தாயும் புள்ளையும் ஒரு கொறையும் இல்லாம, சொட்டு ரத்தம் சேதமில்லாம நல்லாருப்பீக."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே கேட்டது. நாக்கால் அந்த ஒற்றைப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

தங்கச்செல்வி அழுதாள். "அய்யா பேசிட்டாருக்கா! எனக்கு வாக்கு குடுத்துட்டாரு!" வாசலில் அதற்குள் இருபது பெண்கள்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? கோபமில்லை. சந்தையில் ஏமாந்து போனவர் தராசைப் பார்ப்பார், அந்த மாதிரி.

26 ஜூலை, சனி

ஃபாயிஸாவிடம் வீடியோவைக் காட்டினேன். பதினோரு நிமிஷம். நான் மட்டும் கம்பு சுற்றுகிறேன். நானே தடுக்கிறேன். திடீர் திடீரென்று என் மேல் சுண்ணாம்பு முளைக்கிறது. கடைசியில் சுவரில் சாய்ந்து, தாடையைத் தூக்கி, பல் டாக்டரிடம் போனவள் மாதிரி நிற்கிறேன்.

"ஏன்டி தனியா ஆடுற?"

"அவரு படத்துல விழ மாட்டாரு."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

அதுதான் தெரியவில்லை.

28 ஜூலை, திங்கள்

நான் 12.4.

புள்ளிக் கணக்கில் மூன்றுக்கு ஒன்று. அவர் ஜெயித்தார். நான் கேட்டது தங்கச்செல்வியை விட வேண்டும் என்று. விட்டாயிற்று, ஆகவே நான் ஜெயித்தேன். அவர் கேட்டது வெள்ளிக்கிழமைப் பேச்சு. நான் தோற்றதால் போக வேண்டும். கழுத்தைப் பிடித்தது பந்தயத்தில் இல்லை, ஆகவே போக வேண்டியதில்லை. ஆனால் போன வருஷம் ஊசி என்று சொல்லிக் கட்டையை இறக்கியதும் முறையில்லை, ஆகவே போக வேண்டும்.

அவர் வாக்கைக் காப்பாற்றும்போது நான் மாறினால், பல் யாருக்கு விழ வேண்டும்?

1 ஆகஸ்ட், வெள்ளி

அய்யா வாய் திறந்தார் என்பது சுற்றுப்பட்டி முழுக்கப் பரவிவிட்டது. அதில் என் பங்கும் உண்டு. 'ஆடி மூன்றாம் வெள்ளி, அய்யா நல்வாக்கு தருகிறார், குடும்பத்தோடு வருக' என்று முளைக்கட்டையின் படம் போட்டு மகளிர் குழுவின் வாட்ஸாப்பில் தட்டிவிட்டேன். எழுத்துப்பிழை இல்லாமல்.

மில் வாசலிலிருந்து தார்ச்சாலை வரை வரிசை. ஒவ்வொருவராகக் காலில் விழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் கையைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. கிழவி விழுந்தாள், "நல்லாரு". குழந்தையைக் கிடத்தினார்கள், "நோய் நொடி இல்லாம இரு". ஊர்த்தலைவர் விழுந்தார், அவருக்கும். மதியத்துக்குள் ரெட்டியபட்டியில் அவர் தொடக்கூடிய ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. எண்ணூறு பேர் இருக்கும். குரல் கட்டிவிட்டது.

கூட்டம் போன பிறகு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேட்டை என்றால் இதுதான் என்று எனக்குள் கொஞ்சம் கர்வம் இருந்தது. எழுதுவதில் வெட்கமில்லை.

"நல்ல மூளை தாயி ஒனக்கு" என்றார். "நீ விழலையே?"

"எதிராளி கால்ல எப்படிங்க விழுறது?"

"அதுவும் சரிதான்" என்றார்.

பிறகு பேசிக்கொண்டிருந்தோம். பட்டினி கிடக்கிறவர் என்றே தெரியாது, அப்படிப் பேசினார். பஞ்சு விலை, பழைய பஞ்சங்கள், ரயில் வந்த கதை, படித்த புத்தகங்கள். கண் அசந்துவிட்டது போல. எழுந்தபோது மணி நாலு.

4 ஆகஸ்ட், திங்கள்

தங்கச்செல்வி 7.4. ஏறுகிறது! இரும்புச்சத்து ஊசியால் என்கிறார் நர்ஸ். அய்யாவால் என்கிறாள் தங்கச்செல்வி. என்னால் என்று யாரும் சொல்லவில்லை. போகட்டும்.

நான் 11.6. வெயிலில் அலைச்சல்.

8 ஆகஸ்ட், வெள்ளி

மில்லுக்குப் போய்வந்தேன். இத்தனை படித்த மனிதர் இந்தத் தாலுகாவில் இன்னொருவர் இல்லை. அவர் ரத்தக்காட்டேரியாக இருப்பது ஒரு குறையே தவிர, டவுனில் நான் பேசுகிற மற்றவர்களுக்கும் குறைகள் இருக்கின்றன.

ஃபாயிஸா கேட்டாள்: "நாங்கதான் அல்லாவத் தவிர யாருக்கும் குனிய மாட்டோம். நான் அந்தப் பக்கமே வரல. ஒனக்கு என்னடி? எல்லாரும் விழுந்தாகள்ல, நீயும் விழுந்து ஒரு வாக்கு வாங்கிட்டு வந்தா என்ன?"

அவளுக்கு ஆட்டத்தின் மரியாதை புரியவில்லை.

18 ஆகஸ்ட், திங்கள்

தங்கச்செல்வி 8.8. ஊரில் எல்லாருக்கும் ஏற்றம். நான் 10.1. மெஷின் கொஞ்சம் குறைத்துக் காட்டுகிறது போல. ஆனால் எனக்கு மட்டும் எப்படிக் குறைத்துக் காட்டும்? ஓனரிடம் சொன்னேன். திரவம் வாங்கச் சொல்லிக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பேச்சை மாற்றினார்.

28 ஆகஸ்ட், வியாழன்

பெண் குழந்தை. காலை ஒன்பதரைக்கு, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில். மூன்று கிலோ. சுகப்பிரசவம். சொட்டு ரத்தம் சேதமில்லை என்றுதான் எழுத வேண்டும், நர்ஸே ஆச்சரியப்பட்டார். தங்கச்செல்வி குழந்தையை என் கையில் கொடுத்தாள். நின்றுகொண்டு வாங்க முடியவில்லை, மயக்கமாக வந்தது. உட்கார்ந்து வாங்கினேன்.

"என்னக்கா இப்படி வெளுத்துப்போயிட்ட? கழுத்துல என்ன?"

"கொசு" என்றேன்.

30 ஆகஸ்ட், சனி

நேற்று மில்லுக்குப் போய், குழந்தை பிறந்த சேதியை அவரிடம் சொன்னேன். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பல் உறுதியாக இருக்கிறதா என்று கேட்டேன். உறுதியாக இருக்கிறது என்றார்.

11 செப்டம்பர், வியாழன்

திங்களன்று என்னுடையது 7.9. செவ்வாயும் 7.9. மெஷின் கோளாறுதான் என்று நானே கம்பெனிக்குப் போன் போட்டேன். இன்று மதுரையிலிருந்து சர்வீஸ்காரர் அசோக் வந்தார். கழற்றினார், துடைத்தார், பையிலிருந்து அந்த விலை அதிகமான திரவத்தை எடுத்து மூன்று முறை ஓட்டினார். ஃபாயிஸாவின் ரத்தத்தை வைத்தார், 12.8. தன்னுடையதை வைத்தார், 14.

"மெஷின் கரெக்டா இருக்குங்க மேடம்" என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஃபாயிஸா என் துப்பட்டாவைக் கழுத்திலிருந்து விலக்கிப் பார்த்தாள், திரும்பவும் போர்த்திவிட்டாள். சாயங்காலப் பஸ்ஸையும் விட்டுவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நாளை வெள்ளி. வாக்குக் கொடுத்தாயிற்று, போகாமல் இருக்க முடியாது. நாளைக்கு வேண்டுமானால் காலில் விழுந்துவிடலாம். ஒரு நொடி வேலை. அவர் கை தானாக மேலே போகும், எனக்கே தெரியும்.

ஆனால் போனதும் எனக்கு அது ஞாபகம் இருப்பதில்லை. அங்கே குளுகுளுவென்று இருக்கிறது. சுவரில் சாய்ந்தால் நல்ல தூக்கம் வருகிறது.